எஞ்சின் நமது, கதவு பொது

2025 ஜூலை 30 அன்று மாலை 5.40 மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட ஜி.எஸ்.எல்.வி. எஃப்-16 ராக்கெட், நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் என்ற ரேடார் செயற்கைக்கோளை ஏறத்தாழ 740 கிலோமீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விட்டது. அன்றைய பாராட்டுரைகளில் இரு நாட்டு நட்பைப் பற்றியே அதிகம் பேசினார்கள். எனக்கோ அந்த ராக்கெட்டின் மூன்றாவது அடுக்கின் மீதுதான் கண் இருந்தது. திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து இயங்கும் அந்தக் கிரையோஜெனிக் அடுக்கின் தொழில்நுட்பம் இந்தியாவுக்குக் கிடைக்கக் கூடாது என்று 1992 மே மாதம் இஸ்ரோ மீது தடை விதித்த நாடு அமெரிக்கா. முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து, தன் பங்குக்கு மட்டும் சுமார் 120 கோடி டாலர் செலவிட்டுச் செய்த செயற்கைக்கோளை, நாம் சொந்தமாகச் செய்த அதே வகை அடுக்கின் மேல் ஏற்றி அனுப்பச் சம்மதித்த நாடும் அதுவே.

இந்த ஒரு நிகழ்விலிருந்து நேரெதிரான இரண்டு பாடங்களை எடுப்பவர்களை நான் பார்க்கிறேன். யாரையும் நம்பாமல் எல்லாவற்றையும் நாமே செய்துகொண்டால்தான் மதிப்பு வரும் என்பார்கள் சிலர். பழைய கசப்புகளை மறந்து உலக நாடுகள் அனைத்தும் கைகோத்துச் சந்திரனுக்கும் செவ்வாய்க்கும் போக வேண்டும் என்பார்கள் வேறு சிலர். விண்வெளி ஆய்வில் நாடுகள் சேர்ந்துதான் இயங்க வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் எதைத் தன் கையில் வைத்துக்கொள்வது, எதைப் பொதுவில் வைப்பது என்று பிரித்துப் பார்க்காமல் சேரும் நாடு, பிற நாட்டின் உள்நாட்டு அரசியலுக்குத் தன் திட்டத்தை அடகு வைக்கிறது. மேலே போகும் ராக்கெட் தனதாக இருக்க வேண்டும். மேலே போன பிறகு வேண்டிய கருவிகள், தரவுகள், கலங்கள் ஒன்றோடொன்று இணையும் முறைகள், ஆபத்துக்கால உதவி ஆகியவை பொதுவாக இருக்க வேண்டும். இந்தப் பிரிவினை எனக்குப் படிப்படியாகத் தெளிந்தது இந்தியாவின் சொந்த வரலாற்றிலிருந்துதான் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து ஏவிய முதல் ராக்கெட் நம்முடையதன்று. நைக்-அப்பாச்சி என்ற அந்த ராக்கெட்டை அமெரிக்கா கொடுத்தது. அது சுமந்த சோடியம் ஆவிக் கருவியைப் பிரான்ஸ் கொடுத்தது. ஏவுதளத்துக்குக் கணினியும் ஹெலிகாப்டரும் சோவியத் ஒன்றியத்திலிருந்து வந்தன. பனிப்போரின் உச்சத்தில், கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து ஓராண்டுதான் ஆகியிருந்த நிலையில், ஒன்றையொன்று அழிக்கத் துணிந்திருந்த இரண்டு வல்லரசுகளும் கேரளத்து மீனவக் கிராமம் ஒன்றில் ஒரே ராக்கெட்டுக்குத் தோள் கொடுத்தன. இதை வெறும் பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ள முடியாது. பூமியின் காந்த நடுக்கோடு தும்பாவுக்கு மிக அருகில் செல்கிறது; அந்தக் கோட்டுக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஓடும் மின்னோட்டத்தை ஆராய விரும்பிய விஞ்ஞானிகளுக்கு அப்படிப்பட்ட ஓர் இடம் தேவைப்பட்டது. விக்ரம் சாராபாய் வெறுங்கையோடு உதவி கேட்டுப் போகவில்லை. புவியியல் நமக்குத் தந்த ஒரு வசதியை முதலாக வைத்துப் பங்கு கேட்டார். அந்த ஏவுதளத்தை 1968 பிப்ரவரி 2 அன்று ஐக்கிய நாடுகள் சபைக்கு இந்திரா காந்தி அர்ப்பணித்ததும் அந்த நிலைப்பாட்டின் தொடர்ச்சியே. நாசாவின் வாலப்ஸ் தீவில் பயிற்சி பெற்று வந்த இளம் பொறியாளர்களில் ராமேஸ்வரத்து அப்துல் கலாமும் ஒருவர் என்பது தமிழர்கள் எல்லோரும் அறிந்த செய்தி.

1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு நடந்த சைட் என்ற செயற்கைக்கோள்வழித் தொலைக்காட்சிச் சோதனைத் திட்டத்தையும் இதே கண்ணோடு பார்க்கலாம். நாசா தன் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இந்தியா பக்கம் நகர்த்தித் தந்தது. ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்கள் வேளாண்மை, சுகாதாரம், கல்வி பற்றிய நிகழ்ச்சிகளை நேரடியாகச் செயற்கைக்கோளிலிருந்து பெற்றன. கிராமங்களுக்கான வாங்கு கருவிகளையும் நிகழ்ச்சிகளையும் இந்தியா தயாரித்தது. இவ்வளவு பரந்த நாட்டில் இந்த முறை வேலை செய்யுமா என்பதற்கான விடை அமெரிக்காவுக்குக் கிடைத்தது; செயற்கைக்கோள் தொலைக்காட்சியை நடத்தும் அனுபவம் நமக்குக் கிடைத்தது.

பிரான்ஸோடு நடந்த பரிமாற்றம் இன்னும் சுவையானது. ஏரியான் ராக்கெட்டுக்காக வைக்கிங் என்ற திரவ எஞ்சினைப் பிரெஞ்சுக்காரர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தபோது, இந்தியப் பொறியாளர்கள் அங்கே போய் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அந்த உழைப்புக்கு ஈடாக எஞ்சினின் தொழில்நுட்பம் இந்தியாவுக்கு வந்தது. பணத்தைக் கட்டி வரைபடத்தை வாங்கிக்கொண்டு வருவதற்கும், பிழைகள் திருத்தப்படும் இடத்தில் உடனிருந்து கற்றுக்கொண்டு வருவதற்கும் எவ்வளவு வேறுபாடு உண்டு என்பதை ஏதேனும் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் அறிவார்கள். விகாஸ் என்று நாம் பெயரிட்ட அந்த எஞ்சின்தான் இன்றும் பி.எஸ்.எல்.வி.யின் இரண்டாம் அடுக்கில் இருக்கிறது. சந்திரயான்-3ஐ ஏற்றிச் சென்ற எல்.வி.எம்.-3 ராக்கெட்டின் நடு அடுக்கில் அது இரண்டாக இருக்கிறது.

கிரையோஜெனிக் எஞ்சின் கதை இப்படி முடியவில்லை. 1991இல் சோவியத் ஒன்றியத்தின் கிளாவ்காஸ்மாஸ் நிறுவனத்தோடு எஞ்சின்களையும் அவற்றைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் வாங்க இந்தியா ஒப்பந்தம் போட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போயிற்று. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு விதிகளை மீறுவதாகச் சொல்லி அடுத்த ஆண்டு அமெரிக்கா இரு தரப்பின் மீதும் இரண்டாண்டுத் தடை விதித்தது. கடுங்குளிரில் வைத்திருக்க வேண்டிய எரிபொருளை ஏவுவதற்குச் சற்று முன்னால்தான் நிரப்ப முடியும் என்பதால், உடனடியாகப் பாயவேண்டிய ஏவுகணைக்கு இந்த எஞ்சின் பொருந்தாது என்ற இந்தியாவின் வாதம் பொறியியல்ரீதியாகச் சரியானதுதான். ஆயினும் 1993இல் ரஷ்யா பின்வாங்கியது. தொழில்நுட்பத்தைத் தராமல், செய்து முடித்த ஏழு அடுக்குகளை மட்டும் விற்க முன்வந்தது.

அந்தப் பின்வாங்கலின் மறுபக்கத்தைப் பற்றி நம் ஊரில் அதிகம் பேசுவதில்லை. அதே 1993 செப்டம்பரில் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோரும் ரஷ்யப் பிரதமர் செர்னோமிர்தினும் இரு நாடுகளும் சேர்ந்து விண்வெளி நிலையம் அமைப்பது என்று அறிவித்தார்கள். வேலையும் சம்பளமும் இல்லாமல் தவித்த ரஷ்ய ராக்கெட் பொறியாளர்கள் தங்கள் திறமையை வேறு நாடுகளுக்கு விற்றுவிடாமல் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் கணக்கு. பணமும் வேலையும் வேண்டும் என்பது ரஷ்யாவின் கணக்கு. அந்த உடன்பாட்டுக்கு வழிவிட முதலில் தீர்க்கப்பட வேண்டியிருந்த சிக்கல்களில் ஒன்று, இந்தியாவுக்குக் கிரையோஜெனிக் தொழில்நுட்பத்தை விற்பது. உலக ஒத்துழைப்பின் தலைசிறந்த சின்னமாக இன்று எல்லோரும் காட்டும் சர்வதேச விண்வெளி நிலையமும், நமக்கு எஞ்சின் மறுக்கப்பட்டதும் ஒரே பேரத்தில் விளைந்தவை. நாடுகள் கூடும்போது, கூட்டத்துக்கு வெளியே நிற்கும் ஒருவர் அதற்கான விலையைக் கொடுக்க நேரலாம் என்பதை மனத்தில் கொள்ளாமல் ஒத்துழைப்பைப் புகழ்பவர்களோடு என்னால் முழுமையாக உடன்பட முடிவதில்லை.

இந்தியா அதன் பிறகு எஞ்சினைத் தானே செய்யத் தொடங்கியது. ரஷ்ய அடுக்கோடு முதல் ஜி.எஸ்.எல்.வி. 2001 ஏப்ரலில் பறந்தது. உள்நாட்டு எஞ்சினோடு 2010 ஏப்ரலில் பறந்த முதல் முயற்சி தோற்றது. 2014 ஜனவரி 5 அன்றுதான் வெற்றி கிடைத்தது. எங்கள் திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் இந்த எஞ்சின்களைச் சோதித்தார்கள் என்பதில் எனக்கு ஊர்ப்பற்றால் வரும் பெருமிதம் உண்டு. காவல்கிணறு வழியாகப் பேருந்தில் போகும் ஒவ்வொரு முறையும் அந்த மலையை ஒரு முறை பார்த்துக்கொள்வேன். ஆனால் பெருமிதத்தோடு சேர்த்து நினைக்க வேண்டியது, தடை விதித்த நாளிலிருந்து வெற்றி பெற்ற நாள்வரை இருபத்தோராண்டுகளுக்கு மேல் போயின என்பது. தடை நம்மைத் தலைநிமிரச் செய்தது என்று சிலர் அதற்கு நன்றியே சொல்கிறார்கள். கனமான செயற்கைக்கோள்களை ஏற்ற அந்த இடைக்காலத்தில் வெளிநாட்டு ராக்கெட்டுகளுக்கு நாம் கொடுத்த கட்டணத்தையும் அந்த நன்றியில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

இனி, நமக்கு இடமில்லாமல் எழுந்த அந்த நிலையத்தைப் பார்ப்போம். 1998 நவம்பரில் ரஷ்யா செய்து அமெரிக்கா பணம் கொடுத்த ஸார்யா என்ற பகுதி மேலே போனது. இரண்டு வாரம் கழித்து அமெரிக்காவின் யூனிட்டி அதோடு இணைந்தது. 2000 நவம்பர் 2 முதல் அங்கே ஒரு நாள்கூட மனிதர் இல்லாமல் இருந்ததில்லை. இதன் வெற்றிக்குக் காரணம் அன்போ ஒப்பந்தத் தாளோ அல்ல என்பது என் கணிப்பு. நிலையம் மெல்ல மெல்லக் கீழிறங்காமல் அவ்வப்போது உயர்த்திவிடும் உந்துதலுக்கு ரஷ்யப் பகுதியையே பெரிதும் நம்பியிருந்தார்கள். மின்சாரத்தில் பெரும்பங்கும், நிலையம் திசை மாறாமல் பிடித்து நிறுத்தும் பெரிய சுழல் சக்கரங்களும் அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தவை. ஒருவரை ஒருவர் கழற்றிவிட்டுப் போனால் இருவருக்கும் நிலையம் இருக்காது. 2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடம் சிதைந்து எழுவர் இறந்த பிறகும், 2011இல் விண்ணோடங்கள் ஓய்வு பெற்ற பிறகு 2020 வரையிலும், அமெரிக்கர்கள் மேலே போக ரஷ்யாவின் சோயூஸ் ஒன்றே வழியாக இருந்தது. அந்தக் காலத்தில் ரஷ்யா இருக்கை விலையைத் தொடர்ந்து ஏற்றிக்கொண்டே போனதையும் சொல்லாமல் விடக்கூடாது.

2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தபோது இந்த ஏற்பாடு உண்மையான சோதனைக்கு உள்ளானது. கீழே தடைகளும் வசைகளும் பறந்துகொண்டிருந்த வேளையில், மார்ச் 30 அன்று அமெரிக்கரான மார்க் வாண்டே ஹேய் இரண்டு ரஷ்யர்களோடு ஒரே சோயூஸில் கஜகஸ்தானில் வந்து இறங்கினார். அதே ஆண்டு டிசம்பரில், நிலையத்தோடு இணைந்திருந்த சோயூஸ் எம்.எஸ்.-22இலிருந்து குளிரூட்டும் திரவம் விண்வெளியில் பீறிட்டு ஒழுகியது. அதில் திரும்ப வேண்டிய மூவரில் பிராங்க் ரூபியோ அமெரிக்கர். அவசரமாகத் தப்ப வேண்டிவந்தால் அவர் திரும்புவதற்கென்று, அவருடைய உடலளவுக்குச் செய்த இருக்கை உறையைச் சோயூஸிலிருந்து கழற்றிக்கொண்டுபோய் அமெரிக்க டிராகன் கலத்தில் பொருத்தினார்கள். அந்த டிராகனில் அப்போது நிலையத்துக்கு வந்திருந்தவர்களில் அன்னா கிகினா என்ற ரஷ்யரும் ஒருவர். மாற்றுக் கலத்துக்காகக் காத்திருந்து, திட்டமிட்டதைவிட இருமடங்கு காலம் தங்கி, 371 நாள்களுக்குப் பிறகு ரூபியோ ரஷ்யக் கலத்திலேயே திரும்பினார். போர் நடந்துகொண்டிருந்த ஆண்டில் இரண்டு நாடுகளும் இதைச் செய்தன. அவர்களைச் செய்ய வைத்தது, ஒருவர் கலம் பழுதானால் மற்றவர் கலம் வேண்டியிருக்கும் என்ற நிலைமை.

இந்தப் பிணைப்புக்கு ஓர் இயந்திர வேர் உண்டு, அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத ஆசை. 1975 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் அப்பல்லோவும் சோவியத்தின் சோயூஸும் விண்வெளியில் இணைந்தன. தாமஸ் ஸ்டாஃபர்டும் அலெக்ஸி லியோனவும் திறந்த கதவின் வழியே கைகுலுக்கிக்கொண்டார்கள். படம் எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் பொறியாளர்கள் தீர்க்க வேண்டியிருந்த சிக்கல்கள் அவ்வளவாகத் தெரியாது. அப்பல்லோவுக்குள் தூய ஆக்சிஜன், வளிமண்டல அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. சோயூஸுக்குள் நாம் மூச்சுவிடும் சாதாரணக் காற்று, தரையில் உள்ள அழுத்தம். நேரடியாகக் கதவைத் திறந்தால் ஆபத்து என்பதால் நடுவே ஒரு தனி அறையைச் செய்தார்கள். சோவியத் தரப்பும் தன் கலத்தின் அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டது. இதைவிடப் பெரிய சிக்கல் இணைப்புக் கருவி. அதுவரையிலான முறைகளில் ஒரு கலம் நுழைவதாகவும் மற்றது ஏற்பதாகவும் இருந்தது. இரண்டு வல்லரசுகளில் எது ஏற்கும் இடத்தில் இருக்கும்? சோவியத் பொறியாளர் விளாதிமிர் சிரோமியாத்னிகோவும் அமெரிக்கப் பொறியாளர்களும் இரு பக்கமும் ஒரே அமைப்பாக, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் முன்கை எடுக்கக்கூடியதாக ஒரு வளையத்தை வடிவமைத்தார்கள்.

அரசியல் கௌரவம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். ஆனால் அதனால் விளைந்த பொறியியல் பயன் அரசியலைக் கடந்து நின்றது. எந்தக் கலமும் எந்தக் கலத்தோடும் இணையலாம் என்றால், பழுதான கலத்தைக் காப்பாற்ற எந்த நாட்டுக் கலமும் வரலாம். இந்த வளையத்தின் அடுத்த வடிவத்தைச் சோவியத் தன் புரான் விண்ணோடத்துக்காகச் செய்தது. புரான் ஒரே முறை ஆளில்லாமல் பறந்து முடங்கியது. 1995 ஜூனில் அந்த வளையத்தைப் பொருத்திக்கொண்டு ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தோடு இணைந்தது அமெரிக்காவின் அட்லாண்டிஸ் விண்ணோடம். ஸார்யாவும் யூனிட்டியும் இன்று ஒன்றோடொன்று பற்றியிருப்பதும் அந்த மரபில் வந்த வளையத்தால்தான். 2010இல் நிலையத்தின் பங்காளி நாடுகள் இணைப்பு முறைக்கான பொதுத் தர நிர்ணயத்தை யார் வேண்டுமானாலும் பின்பற்றும்படி வெளியிட்டன. 2025 ஜூனில் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா போலந்து, ஹங்கேரி வீரர்களோடும் அமெரிக்கரான பெக்கி விட்சனோடும் நிலையத்துக்குள் நுழைந்த கதவு அந்தத் தரத்தில் அமைந்தது.

விண்வெளி நிலையம் பெரும் பணம் கோரும் காரியம். எல்லா ஒத்துழைப்பும் அப்படி இருக்க வேண்டியதில்லை. எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டில் ஒரு பொது வரவுசெலவுத் திட்டம்கூடக் கிடையாது. 1986இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது சோவியத்தின் இரண்டு வேகா கலங்கள், ஜப்பானின் இரண்டு கலங்கள், ஐரோப்பாவின் ஜியோட்டோ ஆகியவை அதை நோக்கிப் போயின. அவரவர் கலம், அவரவர் செலவு. ஜியோட்டோ வால்நட்சத்திரத்தின் கருவுக்கு மிக அருகில் போக வேண்டும், ஆனால் தூசியாலும் வாயுவாலும் மூடியிருக்கும் கரு எங்கே இருக்கிறது என்று பூமியிலிருந்து துல்லியமாகச் சொல்ல முடியாது. மார்ச் 6, 9 ஆகிய நாள்களில் எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் தூரத்தில் கடந்த வேகா கலங்கள் கருவைப் படம் பிடித்தன. அந்த வேகா கலங்கள் அந்தக் கணத்தில் எங்கே இருந்தன என்பதை நாசா தன் ஆழ்விண்வெளி ஆண்டெனாக்களால் அளந்து சொன்னது. இரண்டையும் சேர்த்து ஐரோப்பியர்கள் பாதையைத் திருத்தினார்கள். மார்ச் 14 அன்று ஜியோட்டோ கருவிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. தனக்கென்று ஒரு கலத்தையும் ஹாலிக்கு அனுப்பாத அமெரிக்கா, சோவியத் கலத்தைப் பின்தொடர்ந்து அளந்து, ஐரோப்பியக் கலத்துக்கு வழி சொல்லியிருக்கிறது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் இருந்த காலம் அது. எந்தத் தலைவரும் கையெழுத்திட்ட மாபெரும் உடன்படிக்கை இதற்குப் பின்னால் இல்லை. 1981 முதல் ஆண்டுதோறும் கூடிய நான்கு விண்வெளி அமைப்புகளின் கலந்தாய்வுக் குழு ஒன்றே போதுமானதாக இருந்தது.

சந்திரயான்-1இலும் இதே தன்மையைக் காணலாம். 2008 அக்டோபர் 22 அன்று பி.எஸ்.எல்.வி.யில் போன அந்தக் கலத்தில் பதினோரு கருவிகளில் ஆறு வெளிநாட்டவை. அவற்றுக்கு இடம் கொடுத்ததற்கு இஸ்ரோ கட்டணம் வாங்கவில்லை. கோவை மாவட்டத்து மயில்சாமி அண்ணாதுரை அதன் திட்ட இயக்குநர். நிலவில் நீர் மூலக்கூறுகள் இருப்பதைக் காட்டிய எம்-3 என்ற கருவி நாசாவுடையது. அந்தப் புகழ் யாருக்கு என்று 2009இல் நம் ஊடகங்களில் ஒரு சண்டையே நடந்தது. கலம் நம்முடையது, கருவி அவர்களுடையது, கண்டுபிடிப்பு எல்லோருடையது என்று சொன்னால் அது சமாதானப் பேச்சாகத் தோன்றலாம். ஆனால் கருவி இல்லாமல் கலமும், கலம் இல்லாமல் கருவியும் எதையும் கண்டிருக்க முடியாது என்பது எளிய உண்மை.

எதிர்வாதங்களில் வலுவானது கால தாமதம். செவ்வாய்க்கான ஐரோப்பிய ரோவர் ரோசலிண்ட் பிராங்க்ளினின் கதை இதற்குப் போதும். நாசா உடனிருப்பதாக இருந்தது. 2012இல் பணமில்லை என்று விலகியது. ரஷ்யா அந்த இடத்துக்கு வந்தது. போர் தொடங்கியதும், ஏவுவதற்குச் சில மாதங்களே இருந்த நிலையில் 2022 மார்ச்சில் ஐரோப்பா உறவை நிறுத்தியது. இறக்கும் தளம், ராக்கெட் இரண்டும் ரஷ்யாவுடையவை என்பதால் ரோவர் ஐரோப்பாவிலேயே தங்கிவிட்டது. இப்போது மீண்டும் நாசா துணைக்கு வந்து, 2028இல் ஏவுவதாகத் திட்டம். நமக்கும் இந்த அனுபவம் உண்டு. சந்திரயான்-2இன் இறங்குகலத்தை ரஷ்யா தருவதாக 2007இல் உடன்பாடு; 2011இல் செவ்வாயின் துணைக்கோளை நோக்கிப் புறப்பட்ட ரஷ்யாவின் போபோஸ்-கிரன்ட் பூமியைத் தாண்டாமலே தோற்றதும் அந்தத் திட்டம் குலைந்து, இறங்குகலத்தை நாமே செய்ய வேண்டிவந்தது. 2019இல் விழுந்தோம், 2023 ஆகஸ்டு 23 அன்று இறங்கினோம். அதற்கு நான்கு நாள்களுக்கு முன் ரஷ்யாவின் லூனா-25 நிலவில் மோதி நொறுங்கியது.

இவற்றைப் படித்துவிட்டுத் தனித்தே போவோம் என்று முடிவெடுப்பவர்கள், எதில் சார்ந்திருந்தார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. ஐரோப்பாவும் நாமும் அடிபட்டது, கலத்தைக் கொண்டுபோவது, இறக்குவது ஆகிய முதுகெலும்பு வேலைகளைப் பிறரிடம் விட்டதால். அதே சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நாசாவின் ஆண்டெனாக்களும் ஐரோப்பாவின் தரை நிலையங்களும் அதன் குரலைக் கேட்டுத் தந்தன. இறங்குகலமான விக்ரம் தன் மேல் நாசாவின் சிறு லேசர் எதிரொளிப்பான் ஒன்றைச் சுமந்திருந்தது. அவற்றில் ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் திட்டம் நின்றிருக்காது. கூட்டால் தாமதம் வருவது போலவே கூட்டால் திட்டம் பிழைப்பதும் உண்டு: 1994இல் சனிக் கோளுக்கான காசினி திட்டத்தை அமெரிக்கா வெட்டிவிடும் என்ற நிலை வந்தபோது, ஐரோப்பிய விண்வெளி அமைப்பின் தலைவர் ழான்-மாரி லூதோன் நேராக அல் கோருக்கே கடிதம் எழுதினார். திட்டம் பிழைத்தது, அதன் ஐரோப்பியப் பகுதியான ஹைகன்ஸ் 2005 ஜனவரியில் சனியின் துணைக்கோளான டைட்டனில் இறங்கியது. அமெரிக்கா தனியாகச் செய்திருந்தால் ஒரு வரவுசெலவுக் குழுவின் பேனாவுக்கு அது இரையாகியிருக்கலாம்.

விலக்கி வைப்பதால் என்ன கிடைக்கிறது என்பதற்குச் சீனா சான்று. 2011இல் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் பிராங்க் உல்ஃப் கொண்டுவந்த சட்டப்பிரிவு, சிறப்பு அனுமதியில்லாமல் நாசா சீனாவோடு நேரடியாகச் சேர்ந்து வேலை செய்யத் தடை விதித்தது. தொழில்நுட்பம் திருடப்படும் என்ற அச்சம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். ராக்கெட்டுக்கும் ஏவுகணைக்கும் இடையே உள்ள தூரம் குறைவு என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் விளைவைப் பார்க்க வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் சீனா தன் முதல் சோதனை நிலையத்தை ஏவியது. 2022 முடிவதற்குள் மூன்று பகுதிகள் கொண்ட முழு நிலையம் மேலே இருந்தது. 2024 ஜூனில் சாங்'இ-6 நிலவின் மறுபக்கத்திலிருந்து 1,935 கிராம் மண்ணைக் கொண்டுவந்தது. இதுவரை வேறெந்த நாட்டிடமும் அந்தப் பக்கத்து மண் கிடையாது. அந்தக் கலத்தில் பிரான்ஸ், இத்தாலி, பாகிஸ்தான் ஆகியவற்றின் கருவிகளும் போயின. இந்தியாவுக்கு எதிரான தடை நம்மை இருபதாண்டு தாமதப்படுத்தியது. சீனாவுக்கு எதிரான தடை அவர்களை அந்த அளவுக்குக்கூடத் தடுத்ததாகத் தெரியவில்லை.

தேடல் மீட்புக்கான காஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். அமெரிக்காவும் சோவியத்தும் கனடாவும் பிரான்ஸும் 1979இல் உடன்பட்டுத் தொடங்கிய இது, கடலிலும் மலையிலும் ஆபத்தில் சிக்கியவரின் அவசர சமிக்ஞையை எந்த நாட்டுச் செயற்கைக்கோள் கேட்டாலும் அருகிலுள்ள மீட்புப் படைக்குச் சொல்லிவிடுகிறது. இந்தியாவும் அதில் உறுப்பினர். பேரிடர்க் காலத்தில் செயற்கைக்கோள் படங்களை இலவசமாகத் தரும் சர்வதேசச் சாசனத்தில் இஸ்ரோ 2001இல் சேர்ந்தது. 2004 டிசம்பர் சுனாமியின்போது அது இயங்கியது. நாகப்பட்டினத்தையும் கடலூரையும் பார்த்த தலைமுறைக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இனி முன்னால் இருப்பது. நிலவைப் பொறுத்தவரை உலகம் இரண்டு முகாமாகிவிட்டது: அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் உடன்பாடு ஒருபுறம், சீனாவும் ரஷ்யாவும் அறிவித்த நிலவு ஆய்வு நிலையம் மறுபுறம். இந்தியா 2023 ஜூனில் ஆர்ட்டெமிஸில் கையெழுத்திட்டது. சட்டப்படி நம்மைக் கட்டுப்படுத்தாத கொள்கை உடன்பாடு என்பதால் அதில் எனக்கு மறுப்பில்லை. அதே வேளையில் மற்ற முகாமின் விஞ்ஞானிகளோடு தரவு பரிமாறும் வாசலை அது அடைக்கக் கூடாது. ஜப்பானோடு சேர்ந்து நிலவின் தென்துருவத்துக்குப் போகும் சந்திரயான்-5இல் ராக்கெட்டும் ரோவரும் ஜப்பானுடையவை, இறங்குகலம் நம்முடையது. ராக்கெட் பிறருடையது என்பது நான் மேலே சொன்ன விதிக்கு மாறானது. ஆயினும் இறங்குகலம் இல்லாமல் ஜப்பானுக்கும் பயணம் இல்லை என்பதால் பிடி இரு பக்கமும் இருக்கிறது.

எனக்கு இவற்றைவிட அவசரமாகப் படுவது 2035க்குள் இந்தியா அமைக்கப்போவதாக அறிவித்திருக்கும் சொந்த விண்வெளி நிலையம். முதல் பகுதியை 2028இல் ஏவ இலக்கு. 2025 ஜனவரி 16 அன்று ஸ்பேடெக்ஸ் திட்டத்தின் இரண்டு சிறு கலங்கள் விண்வெளியில் இணைந்தபோது நாம் பயன்படுத்திய கருவியும் இரு பக்கமும் ஒரே அமைப்பாக இருக்கும் வகைதான். அளவு மட்டும் சிறியது. நிலையத்தின் கதவுகளைச் செய்யும்போது பொதுத் தரத்தின் அளவை அப்படியே ஏற்று, அதை வெளிப்படையாக அறிவித்துவிட வேண்டும் என்பது என் கோரிக்கை. நிலையம் முழுக்க நம்முடையதாக இருக்கட்டும், அதற்குக் கொண்டுசெல்லும் ராக்கெட்டும் நம்முடையதாக இருக்கட்டும். கதவு மட்டும் எந்த நாட்டுக் கலமும் வந்து பற்றக்கூடியதாக இருக்கட்டும். இதை வரைபட நிலையிலேயே முடிவு செய்வது மலிவு. சர்வதேச நிலையத்தில் பழைய கதவைப் புதிய தரத்துக்கு மாற்ற நாசா தனி அடாப்டர்களைச் செய்து ராக்கெட்டில் அனுப்ப வேண்டியிருந்தது. 2015 ஜூனில் அனுப்பிய முதல் அடாப்டர் ராக்கெட்டோடு வெடித்துச் சிதறியது, 2016இல் ஒன்றும் 2019இல் மற்றொன்றும்தான் போய்ச் சேர்ந்தன.